பருந்து பார்க்க அரை நாள் லீவு

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் டைப்பிஸ்ட் அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். ஓட்டின் மேல் சடசடவென்று விழும் சத்தம் நம் காதை அடைக்கும். ஆனாலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் பெய்யுது" என்பார். பின்பக்கம் பெய்ததா என்று அவர் பார்க்கவில்லை. அதற்கு அவர் பொறுப்பில்லை.

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் அரசலாற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆபீசில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். ஆபீசில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் குமாஸ்தா. எனக்கு இருபத்துமூன்று வயது, அவருக்கு இருபத்தெட்டோ என்னவோ. நாலைந்து வயது வித்தியாசம்தான். ஆனால் ஆபீசில் எல்லோரும், அவருக்கு அப்பா வயதிருந்த பியூன் உள்பட, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மெஷினுக்குப் பின்னால் அவ்வளவு நேராக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. நானும் இங்கே பெயரை எழுதப் போவதில்லை.

ஒரு நாள் மேலதிகாரி வந்து, "சூப்பரண்டு வந்துட்டாரா?" என்று கேட்டார். சூப்பரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போயிருந்தார். எங்களில் யாராக இருந்தாலும் "வந்துட்டார் சார், ரெக்கார்டு ரூம்ல இருக்கார்" என்று சமாளித்திருப்போம். அக்கா, சூப்பரண்டு குடை மாட்டும் ஆணியைப் பார்த்தார். "குடை வந்திருக்கு சார்" என்றார்.

இதையாவது சிரித்து மறந்துவிடலாம். எங்களோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பையன் குடிப்பானா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். அக்கா யோசித்துவிட்டு, "குடிச்சு நான் பார்த்ததில்லிங்க. சாயங்காலத்துல ஏலக்காய் மென்னு பார்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அந்த மனிதர் ஒரு வருஷம் அக்காவிடம் எதையும் டைப் அடிக்கக் கொடுக்காமல் எல்லாவற்றையும் கையாலேயே எழுதித் தீர்த்தார். எனக்கும் அன்று அக்கா மேல் கோபம்தான். "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "ஏலக்காய் தெரியுமே" என்றார்.

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா செத்த பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும் ஒரு பெரிய பைனாகுலரும். கழுத்தில் மாட்டினால் கழுத்து குனிந்துவிடும், அவ்வளவு கனம். சண்டையில் எதிரியைப் பார்க்க வைத்திருந்த சாமானை மகள் பருந்து பார்க்க எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்தூர் கடற்கரைக்குப் போவார். வலைக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, "அம்மா, மீன் கூட்டம் தெரியுதா?" என்று கேட்பார்கள். "தண்ணி தெரியுது. ஆலாப் பறவை ஒரே இடத்துல விழுந்து விழுந்து எழும்புது" என்பார். அவர்கள் அந்த இடத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போய் மீனோடு திரும்பி, அவருக்கு ஒரு கூறு கொடுக்க வந்தால், "மீன் இருக்குன்னு நான் சொல்லலியே" என்று வாங்க மறுத்துவிடுவார். இப்படி ஒரு மனுஷியோடு எப்படிக் குப்பை கொட்டுவது என்று அவர் அம்மா என்னிடம் அழாத குறையாகச் சொல்வார்.

வருஷம் முழுக்க அவர் லீவு எடுக்க மாட்டார். ஜுரம் அடித்தாலும் வந்து உட்கார்ந்திருப்பார். மாசி பிறந்துவிட்டால் சேர்த்து வைத்த லீவெல்லாம் அரை அரை நாளாக வெளியே வரும். ஐப்பசியில் வந்து இறங்கிய பறவைகள் எல்லாம் மாசி, பங்குனியில் வடக்கே திரும்புகிற காலம் அது. முதல் வருஷம் லீவு கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "பருந்து பார்க்க" என்று டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். சூப்பரண்டு நல்ல மனிதர். "ஏம்மா, உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடேன். எனக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி" என்றார்.

"உடம்பு நல்லாத்தானே சார் இருக்கு."

"தலைவலின்னு போடு."

"வலிக்கலியே சார்."

"எனக்கு வலிக்குதும்மா" என்றார் சூப்பரண்டு. கடைசியில் 'சொந்த வேலை' என்று போடலாமா என்று கேட்டார். அக்கா அதை இரண்டு நிமிஷம் யோசித்தார். பருந்து பார்ப்பது சொந்த வேலைதான் என்று அவருக்குத் திருப்தியான பிறகு கடிதத்தை மாற்றி அடித்தார்.

அவரோடு பறவை பார்ப்பதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போவோம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மேற்கே வயல்வெளி. எனக்குப் பருந்து என்றால் எல்லாம் பருந்து. "அக்கா, அதோ பூனைப்பருந்து" என்று கையைக் காட்டுவேன். அவ்வளவுதான், விசாரணை ஆரம்பித்துவிடும். "இறக்கை நுனி கறுப்பா இருந்துச்சா? வால் ஆரம்பிக்கிற இடத்துல வெள்ளை பார்த்தியா? இறக்கையைத் தூக்கிப் பிடிச்சு மிதந்துச்சா, தட்டையா வச்சிருந்துச்சா? எந்தப் பக்கம் போச்சு?" நான் விழிப்பேன். "பார்த்தியா, பார்த்தா மாதிரி இருந்துச்சா?" என்பார். பெரும்பாலும் எனக்கு இரண்டாவதுதான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன எதையும் யாரும் அவ்வளவு அக்கறையாகத் திருப்பிக் கேட்டது கிடையாது. வீட்டில் நான் சொல்வதை அம்மா பாதி காதில்தான் கேட்பாள், அண்ணன் அதையும் கேட்க மாட்டான். அக்கா ஒருத்தர்தான் நான் பார்த்தது ஏதோ கோர்ட்டுக்குப் போகப் போகிற சமாச்சாரம் மாதிரி கேட்டார். அந்தக் கேள்விகளுக்காகவே நான் மாடிப்படி ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது.

"வர்ற அன்னிக்கு நல்லாத் தெரியும். புதுசா ஒண்ணு வந்து உக்காந்திருக்கும். போற அன்னிக்குத்தான் தெரியாது. இன்னிக்கு இல்லன்னா போயிட்டுன்னு அர்த்தமில்ல. நான் பார்க்கலன்னுதான் அர்த்தம்" என்பார். அதனால் பங்குனி முழுக்க, கடைசிப் பருந்தைப் பார்த்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊருக்குக் குரும்பகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். வயலை ஒட்டியே பருந்து பறக்கிறது என்று நான் ஒரு நாள் வாய்விட்டது தப்பாகப் போயிற்று. மாசி, பங்குனி சனிக்கிழமைகளில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தங்க ஆரம்பித்தார். முதல் தடவை அவர் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு பைனாகுலரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பியதைப் பார்த்த ஊர்க்காரர்கள், நில உச்சவரம்புக்கு யாரிடம் எவ்வளவு நிலம் என்று பார்க்க ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். இளநீர் வந்தது. நாட்டாமை வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. "நான் பருந்து பார்க்கத்தாங்க வந்தேன்" என்று அக்கா சொல்லச் சொல்ல, இவ்வளவு அழுத்தமான அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்று பயம் கூடியது. அது தெளிய ஒரு வருஷம் ஆயிற்று. தெளிந்த பிறகு முறுக்கு நின்றுவிட்டது. ஆனால் இந்த அம்மா இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லும் என்ற பேர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷத்துக் கதை.

எங்கள் வயல் கடைமடை. எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால் எங்களுக்குத் தண்ணீர். அந்த வருஷம் தாளடி நடவு தள்ளிப்போய், ஊரெல்லாம் அறுத்து முடித்துவிட்ட பிறகும் எங்கள் ஆறு மா நிலம் மட்டும் பங்குனியில் கதிரோடு நின்றது. சுற்றிலும் மொட்டைத் தாளும் உளுந்துச் செடியும், நடுவில் எங்களுடையது மட்டும் மஞ்சளாக. அப்பா இல்லாத வீடு. அந்த நெல்லில்தான் அண்ணன் வருஷத்தைத் தள்ள வேண்டும்.

அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லை மேய்க்க வாத்துக்காரர்கள் வருவார்கள். அந்த வருஷம் தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பெண்டாட்டியோடு முந்நூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் வாய்க்கால் கரையில் தங்கியிருந்தார். பொழுது சாய்ந்ததும் மூங்கில் குச்சி நட்டு, சுற்றி வலை கட்டி, வாத்துகளை உள்ளே அடைத்துவிட்டு, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அக்கா தனியாகத்தான் வயலுக்குப் போனார். கூட வருகிறேன் என்று சொல்லியிருந்த நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்தவர், கால் கழுவிக்கொண்டே சொன்னார். "உங்க வயல்லேருந்து கிளுவை எழும்பிச்சு. பூனைப்பருந்து தாழ வந்துச்சு, அதப் பார்த்துட்டு எல்லாம் ஒரேயடியா கிளம்பிச்சு. அறுபதுக்கு மேல இருக்கும், எண்ண முடியல." கிளுவை என்றால் சின்னக் காட்டு வாத்து. வடக்கே போவதற்கு முன்னால் வயிறு முட்டத் தின்று உடம்பு ஏற்றிக்கொள்ளும் பறவை. அம்மா, "தோசை ஆறுது, வாங்க" என்றாள். அண்ணன் அறுவடைக்கு ஆள் பேச வெளியூர் போயிருந்தான். அவன் சாயங்காலம் வந்தபோது இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவின் பறவைக் கதைகளில் இன்னொன்று என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருந்திருப்பான்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் போட்ட கூச்சலில்தான் கண் விழித்தேன். வயலில் பாதி கதிர் உருவப்பட்டு, தாள் எல்லாம் சேற்றோடு மிதிபட்டுக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் வாத்து எச்சமும் இறகும். ஆறு மாவில் இரண்டு மா தேறினால் அதிகம். அரை மணி நேரத்தில் அண்ணனும் நாலைந்து பேரும் வாத்துக்காரருடைய வாத்து முழுவதையும் ஓட்டிக்கொண்டு வந்து களத்துக் கொட்டகையில் அடைத்துப் பூட்டினார்கள். நெல் மூட்டை அடுக்குகிற சின்னக் கொட்டகை. மேலே தகரம். வாத்துக்காரர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "ஐயா, பொழுது சாய வலை கட்டினா விடிஞ்சுதாங்க அவுப்பேன். ஒண்ணுகூட வெளிய போவலைங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆபீசுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் விரல் மெஷின் மேலேயே நின்றுவிட்டது. "நான்தான் பார்த்தேனே" என்றார். சாயங்கால பஸ்ஸில் என்னோடு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா சொன்னால் ஊர் கேட்கும், அந்த மனிதர் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன். அக்காவை இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

களத்தில் நாட்டாமையும் ஏழெட்டுப் பேரும் கூடியிருந்தார்கள். அக்கா, ஞாயிறு காலையில் பார்த்ததை அப்படியே சொன்னார். நாட்டாமை தலையை ஆட்டினார். "அப்ப நேத்து ராத்திரி மேஞ்சதும் காட்டு வாத்துதான், அப்படித்தானேம்மா?"

"நேத்து ராத்திரி நான் காரைக்கால்ல இருந்தேங்க. நான் பார்க்கல."

"ஒரு யோசனையாச் சொல்லுங்க."

"நேத்துக் காலைல இருந்துச்சு. அவ்வளவுதாங்க தெரியும்."

யாரோ சேற்றிலிருந்து எடுத்த இறகு ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாத்து இறகுதான். அடிப்பஞ்சு. எந்த வாத்துன்னு இத வச்சுச் சொல்ல முடியாது" என்றார். அண்ணன் சிரித்தே விட்டான். வாத்துக்காரர் பெண்டாட்டி அக்கா காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஒங்க புள்ள குட்டி நல்லா இருக்கும்" என்றாள். அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் அவர் கையைக் கிள்ளினேன், நன்றாகவே கிள்ளினேன். அவர் சொல்லவில்லை. "நாளைக்கு விடியறப்ப எல்லாரும் வந்து பாருங்க. மிச்சக் கதிருக்கு வந்திருந்தா எழும்பும். உங்க கண்ணாலயே பார்த்துக்கலாம்" என்றார். நாட்டாமை ஒத்துக்கொண்டார். அதுவரை வாத்து கொட்டகையிலேயே கிடக்கட்டும் என்று முடிவாயிற்று. நானும் அந்தப் பெண்ணும் நாலு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கதவிடுக்கில் ஊற்றினோம். முந்நூறு வாத்துக்கு நாலு குடம் எந்த மூலைக்கு? உள்ளே ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கத்திய கத்தல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் பத்துப் பேர் வாய்க்கால் கரையில் குந்தியிருந்தோம். பீடிகூடப் பற்ற வைக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார், யாரும் பற்ற வைக்கவில்லை. கிழக்கு வெளுத்தது. கதிர் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்றும் எழும்பவில்லை. நாட்டாமை ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வயலில் வீசினார். ஒரு கொக்கு எழுந்து போயிற்று. முந்தின நாள் சாயங்காலமே வடக்கே போகத் தோதான தெற்கத்திக் காற்று எழும்பியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளுவை இல்லை, அவற்றை விரட்டுகிற பூனைப்பருந்தும் இல்லை. அக்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. சூரியன் பனைமரத்துக்கு மேல் வந்த பிறகு இறக்கினார்.

"போயிடுச்சாம்மா?" என்று நாட்டாமை கேட்டார். அவர்கூடக் கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டார்.

"போனத நான் பார்க்கலிங்க" என்றார் அக்கா. "இங்க இல்ல."

களத்துக்குத் திரும்பினோம். கொட்டகையைத் திறந்தார்கள். பதினோரு வாத்து செத்துக் கிடந்தது. மற்றவை வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாதி வாத்தை எங்கள் வீட்டுக்கு விட்டுவிட்டு மீதியை ஓட்டிக்கொண்டு வாத்துக்காரர் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று நாட்டாமை சொன்னார். அந்த மனிதர் செத்த வாத்துகளின் கழுத்தை ஒவ்வொன்றாக நேராக்கி வரிசையாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். பாதி மந்தை போனால் அவர் ஊர் போய்ச் சேர்ந்து என்ன செய்வார்? அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான் பார்த்தேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"திங்கக்கிழமை விடியக்காலையில. கொல்லைக்குப் போயிருந்தேன். நம்ம வயல்லேருந்து காட்டு வாத்து கும்பலா எழும்பிப் போச்சு. வாத்துக்காரர் வாத்து வலைக்குள்ள இருந்துச்சு."

எங்கள் ஊரில் அப்போது எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் வெளிச்சம் வருவதற்கு முன்னால் வயல் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவோம். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் வாயால் பேச மாட்டார்கள். ஒரு கல்யாணமாகாத பெண் ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அதைச் சொல்லிவிட்டால், எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய், எவ்வளவு நேரம் என்று கேட்க எந்த ஆம்பளைக்கும் நாக்கு எழாது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் நாட்டாமை, தரையைப் பார்த்தபடியே.

"எப்படிங்க சொல்றது, இத்தன பேருக்கு முன்னாடி?"

அண்ணனுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு என்னை எழுப்பியதே அவனுடைய கூச்சல்தான். ஆனால் இந்த விஷயத்தில் தங்கை பொய் சொல்கிறாள் என்று அவன் எப்படிச் சபையில் சொல்வான்? அவன் முகம் சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை.

அங்கே என்னைக் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாத ஆள் ஒருத்தர்தான். நாட்டாமைக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "நீங்க சொல்லுங்கம்மா. பொண்ணு சொல்றது சரியா இருக்குமா?" என்று அக்காவிடம் திரும்பினார்.

அக்கா என்னைப் பார்த்தார். எத்தனை, எந்தத் திசை, அந்த இருட்டில் எப்படித் தெரிந்தது, ஒரு கேள்வி போதும் அவருக்கு. அவர் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது.

"அது பார்த்தத அதுதாங்க சொல்லணும்" என்றார். "நான் அங்க இல்ல."

வாத்துகளை விட்டுவிட்டார்கள். மொத்தமும் வாய்க்காலைப் பார்த்து ஓடின. தண்ணீரில் விழுந்த சத்தத்தில் நாட்டாமையே சிரித்துவிட்டார். வாத்துக்காரர் ஒரு கூடை முட்டையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். "நான் ஒண்ணும் செய்யலிங்க" என்று அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எனக்கு அது வரலடி" என்றார். "நேத்துச் சாயங்காலமே ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வரல. பதினோரு வாத்துடி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் நின்றால் அதையேதான் சொல்வேன். அக்காவும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி வைத்தார்.

ஒன்றுதான் மாறியது. அடுத்த வாரம் மாடியில், "அக்கா, ஆத்துப் பக்கம் ஒரு பெரிய பருந்து, கால்ல மீனோட போச்சு" என்று கையைக் காட்டினேன். கேள்விக்குக் காத்திருந்தேன். அக்கா சாப்பிட்ட டப்பாவை மூடிக்கொண்டே, "அப்படியா" என்றார். அவ்வளவுதான். வயிறு வெள்ளையா என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ, கேட்டுப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாரோ, தெரியாது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அப்படித்தான். நான் சொன்னது எல்லாமே சரி என்றாகிவிட்டது. அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் பங்குனியில் அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அக்கா நாலு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான் மட்டும் மாடிக்குப் போனேன். நல்ல வெயில், தெற்கே இருந்து காற்று. வயல்வெளிக்கு மேல் ஒரு பூனைப்பருந்து வட்டம் போட்டு ஏறியது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு தோப்புக்குப் பின்னாலிருந்து ஒன்று ஒன்றாக வந்து அதே வட்டத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன. பதினேழு எண்ணினேன். திரும்ப எண்ணினேன், பதினேழு. ஐந்து சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. மற்றவை பழுப்பு, வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளை. இறக்கையைத் தூக்கிப் பிடித்துத்தான் மிதந்தன. தட்டுவதே இல்லை. சுற்றிச் சுற்றி ஏறிப் பொட்டுப் பொட்டாகப் போய், முதலில் ஏறியது வட்டத்தை விட்டு வடக்கே நழுவியது, மற்றவை அதன் பின்னால் போயின. கடைசி ஒன்றும் கண்ணை விட்டு மறைகிற வரை நின்றேன். அவை போவதை நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். பையை ஆணியில் மாட்டினார். மெஷினின் உறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"நான் இல்லாதப்ப மாடிக்குப் போனியா? ஏதாவது இருந்துச்சா?"

சொன்னால் "அப்படியா" என்பார். பதினேழு பருந்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையை என்னால் கேட்க முடியாது.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"சரி" என்றார்.